நடுகல்லும் லேசர் தகடும்

லேசர் கிரணத்தால் கணினித் தகவலைப் பதியும் காந்த-ஒளித் தகட்டின் (magneto-optical disc) நுண்ணிய புள்ளியொன்றை ஏறத்தாழ 200 டிகிரிக்குச் சுட்டு, அது தன் காந்த குணத்தை மறந்த அந்த க்ஷணத்தில் புறக்காந்தத்தால் புதுத் திசையைப் புகட்டி, பின்னர் மெல்லிய ஒளி அதில் பட்டு மீள்கையில் இம்மியளவு திரிவதைக் கொண்டு, 1877இல் ஜான் கெர் விளக்கிய தத்துவப்படி, விஷயத்தை வாசிக்கும் வித்தை சாமானியமானதன்று. முப்பதாண்டுக்கு மேல் ஆயுள் என்று தயாரித்தோர் சொன்னதும் பொய்யன்று. தகடு சிரஞ்சீவியாகவே இருக்கிறது, வாசிக்கும் யந்திரந்தான் வைகுண்ட பதவி அடைந்துவிட்டது.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லோ, கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்ட தீயன் அந்தவனின் பெயரை ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகச் சுமந்திருந்தும், பகல் வெளிச்சத்தையும் தமிழ்ப் பிராமி அறிந்த ஒருவரையும் அன்றி வேறெதையும் கேட்கவில்லை. அழித்தெழுத முடியாமையே அதன் குறை. தகட்டிலோ லட்சக்கணக்கான முறை அழித்தெழுதலாம், ஆதலால் தேர்தல் வாக்குறுதிகளுக்கு அது மிக உசிதமானது.

1990களில் ஜாதகத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் இத்தகைய தகட்டில் பத்திரப்படுத்திய அன்பர்கள், இயங்கும் யந்திரம் எங்கேனும் அகப்பட்டால் உடனே காகிதத்தில் இறக்கிக்கொள்க. கல்தச்சரை நாடினாலும் குற்றமில்லை.