பாய் ஒட்டுமா? கல்லடி வீடுகளில் விடைபெறுதல் குறித்த ஓர் ஆராய்ச்சி

மட்டக்களப்புக்குப் போகிறவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது வடபகுதியில் பல தலைமுறையாக வழங்கிவரும் கூற்று. உத்தியோக மாற்றம் கிடைத்த மகனைப் பஸ் ஏற்றிவிடும் தாய்மார் இதைச் சொல்லிக் கண்கலங்குவர். மாற்றக்காலம் முடிந்தும் ஊர் திரும்பாத மகன்மார் இதற்கே சான்றாகக் காட்டப்படுவர். ஆனால் எந்தப் பாய், என்ன பசை, எவ்வளவு நேரத்தில் ஒட்டும் என்ற அடிப்படைக் கேள்விகள் மட்டும் கேட்கப்படாமலே கிடக்கின்றன. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வாளர் வடமராட்சியில் பிறந்தவர். உத்தியோகத்தின் பொருட்டு மட்டக்களப்பு வந்தவர். இதைக் கல்லடி உப்போடையில் மாமியார் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறார். இது ஆய்வின் முடிவுகளை எவ்வகையிலும் பாதிக்கவில்லை என்பதை மாமி வாசித்துப் பார்த்து உறுதிசெய்திருக்கிறார்.

களமாகக் கல்லடியைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. கோட்டையும் கச்சேரியும் பழைய பள்ளிக்கூடங்களும் உள்ள புளியந்தீவுப் பக்கம் ஆட்கள் அலுவலாக வருவர், அலுவல் முடியப் போவர். அங்கே ஒட்டுவதற்கு எவருக்கும் நேரமில்லை. பாலம் கடந்து கல்லடிக்கு வந்தால் நிலைமை வேறு. மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவே மணல் வளவுகள், ஒழுங்கைகள், மத்தியான உறக்கம். பார்க்க வேண்டியவற்றையும் விரைவில் பார்த்து முடித்துவிடலாம். பழைய இரும்புப் பாலம். 1929இல் சுவாமி விபுலானந்தர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயமும் அந்த வளாகத்திலுள்ள அவருடைய சமாதியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் கோபுரத்தைச் சாய்த்துவிட்டுப் போன திருச்செந்தூர் முருகன் ஆலயம். பின்னேரம் கடற்கரையில் ஒரு சரை கச்சான். ஓட்டோக்காரர் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் அரை நாள் போதும். அரை நாளில் முடிந்துவிடும் ஊருக்கு வந்தவர் மூன்றாம் நாள் காலையிலும் அதே வீட்டுக் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நிற்பது ஏன்? இதுவே ஆய்வு வினா.

முதற்கண் பாயை எடுத்துக்கொள்வோம். இப்பகுதியின் பாய் பன்பாய். ஈர நிலத்தில் வளரும் பன்னை அறுத்து, காயவைத்து, சாயம் தோய்த்து இழைப்பார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை எந்தக் கட்டத்திலும் பசை சேர்வதில்லை என்பதை இழைப்பவர்களின் அருகில் இருந்தே பார்த்தாயிற்று. அதுவுமன்றி, இன்றைய விருந்தாளிக்கு முதலில் கிடைப்பது பாய் அல்ல, பிளாஸ்டிக் கதிரை. கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்தில் விருந்தாளி எழும்பும்போது அந்தக் கதிரையும் கூடவே சற்று எழும்புவது உண்மைதான். எனினும் இது எல்லா மாவட்டங்களிலும் காணப்படும் பொது இயல்பு. மட்டக்களப்பின் மேல் மட்டும் இக்குற்றத்தைச் சுமத்துவது நீதியன்று.

வரலாற்றுச் சான்றுகள் இதைவிட வலியவை. போர்த்துக்கீசர் 1628இல் வந்து புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டப்படி அன்றோடு போர்த்துக்கீசர் மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் வழிவந்த பறங்கியர் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார்கள். முதியவர்கள் வாயில் போர்த்துக்கீசக் கிரியோல் மொழி இன்னும் கேட்கிறது. கல்யாண வீட்டில் கஃப்ரிஞ்சா ஆடுகிறார்கள். கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் பெயரையும் கல்லடிக் கரையோரத்து டச்பார் விடாமல் வைத்திருக்கிறது. ஆக, வென்றவர் தோற்றவர் என்ற பாகுபாடு ஒட்டுதலுக்கு இல்லை. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் வந்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார், மறு ஆண்டே இங்கு காலமானார். அவருடைய ஒட்டுதல் அவர் விருப்பத்தில் நடந்ததன்று என்பதால் அவரை மரியாதையோடு ஆய்விலிருந்து விலக்குகிறோம். விலக்க முடியாதவர் ஹரி மில்லர் அடிகள். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் யேசு சபையினரோடு 1948இல் மட்டக்களப்பு வந்தவர், அறுபது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே பணியாற்றினார். துறவிக்கு மாமியார் இல்லை. எனவே மாமியார்தான் ஒட்டவைக்கிறார் என்ற பிரபலமான கருதுகோள் இங்கேயே அடிபட்டுப் போகிறது. (இந்த வாக்கியத்தின் கீழ் மாமி கோடிட்டிருக்கிறார்.)

சட்டம் படித்தவர்கள் வேறொன்று சொல்வார்கள். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை அங்கே போய் இருக்க வேண்டும். குடி வழியும் தாய்வழி. இங்கே வழங்கிவந்த முக்குவர் சட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876லேயே ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்டிருக்கிறார். ஆகவே மாப்பிள்ளை ஒட்டினார் என்பதைவிட, வீடு பெண்ணோடும் அவர் வீட்டோடும் இருந்தார் என்பதே சரி என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீதன வீட்டில் போய் இருக்கும் மாப்பிள்ளைமார் யாழ்ப்பாணத்தில் குறைவா? அவர்களைப் பாயோடு ஒட்டிவிட்டார்கள் என்று எவரும் பழிப்பதில்லையே! மேலும் இச்சட்டம் மருமக்களை விளக்கும். ஒரு நேரம் தலைகாட்டிவிட்டுப் போகவென்று வந்த சாதாரண விருந்தாளியை விளக்காது.

அடுத்தது பாலம். கல்லடிப் பாலம் 1924இல் கட்டப்பட்டு, தேசாதிபதி மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம் ஆயிற்று. ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம் மட்டுமே போக முடிந்தது. எதிர்ப்பக்கம் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் நிற்க வேண்டியிருந்தது. இந்த அகலக் குறைவு கல்லடி வீட்டாருக்குச் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் கைகொடுத்தது. "இப்ப பாலத்தில சரியான சனம், கொஞ்சம் இரிங்க" என்றால் மறுக்க வழியில்லை. 2013இல் ஜப்பானிய உதவியோடு பக்கத்திலேயே அகலமான புதுப்பாலம் திறக்கப்பட்டது. பொறியியலாளர்களின் கணக்குப்படி அன்றோடு விருந்தாளிகள் தடையின்றி வெளியேறியிருக்க வேண்டும். நடந்தது வேறு. "புதுப்பாலம் வந்திட்டுதானே, அஞ்சு நிமிசத்தில போயிரலாம், பிறகென்ன அவசரம்?" என்று அதே வீட்டார் அதே மூச்சில் சொன்னார்கள். பாலம் ஒடுக்கமானாலும் அகலமானாலும் விருந்தாளி எழும்புவதில்லை.

ஆனால் பாலத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. யுத்த காலத்தில் பாலத்தடியில் சோதனைச் சாவடி இருந்தது. பொழுதுபட்ட பிறகு வீட்டுக்கு வந்தவரை அனுப்பக்கூடாது என்பதை அந்த ஆண்டுகளில் இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. "இருட்டிப் போச்சு, நிண்டுட்டு விடியப் போங்க" என்று அப்போது சொன்னவர்கள் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. போன ஆள் போய்ச் சேர்ந்ததற்குச் செய்தி வரும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். இன்றைக்கும் ஆறரை மணிக்கு மேல் எழும்புகிற விருந்தாளியைப் பார்த்து வீட்டுக் கிழவி முகம் மாறுவது அந்தப் பழக்கத்தின் மிச்சம். ஆய்வாளர் இதைக் கருதுகோள்களின் வரிசையில் சேர்க்கவில்லை.

மீனுக்கு வருவோம். வாவியில் மீன் பாடுகிறது. பாலத்தடியில், தண்ணீர் அசையாத பறுவ இரவில் கேட்கும். 1848இல் மட்டக்களப்பு வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தோணியில் போய் இதைக் கேட்டிருக்கிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதத்துக்கு அதை ஒப்பிட்டு எழுதினார். பாடுவது ஊரி என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்கும் என்பார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் லாங் அடிகள் அதை ஒலிப்பதிவே செய்தார். விபுலானந்தர் தம் பங்குக்கு நீரரமகளிரையே பாட வைத்தார். பாடுவது மீனா ஊரியா மகளிரா என்பது நம் ஆய்வுக்குத் தேவையில்லை. வீட்டார் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதே தேவை. "பறுவம் வருது, மீன் பாடுறதைக் கேட்டுட்டுப் போங்க" என்பது அவர்களின் மிக வலுவான ஆயுதம். நிலவின் சுற்று 29½ நாள். எந்த நாளில் வந்தவரும் அடுத்த பறுவத்துக்குச் சராசரி பதினைந்து நாள் அளவில் இருக்க வேண்டிவரும். அன்று மேகம் மூடினால் மேலும் 29½ நாள். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் நன்றாகக் கேட்கும் என்பார்கள். ஆகவே ஐப்பசி மழையில் வந்திறங்கிய அப்பாவி அடுத்த சித்திரை வரை நிற்க வேண்டும். அதற்குள் அவருக்குச் சாதகப் பொருத்தம் பார்த்து முடித்திருப்பார்கள். கந்தோர் இருக்கிறது என்றும் அவர் தப்ப முடியாது. இலங்கையில் ஒவ்வொரு பறுவமும் போயா, அரசாங்க விடுமுறை.

எனினும் களத்தில் நெருங்கிப் பார்த்தபோது இவற்றில் எதுவும் முழு விளக்கமாக அமையவில்லை. விடைபெறுதலைத் தொடர்ந்து அவதானித்ததில் வெளிப்பட்ட உண்மை இதுதான்: விருந்தாளி பாயிலிருந்து எழும்புவதில் பெரிய சிக்கல் எதுவுமில்லை. "அப்ப வாறன் மாமி" என்கிறார். "என்ன தம்பி அவசரம், வெயில் தாழட்டும், தேத்தண்ணி ஊத்துறன்" என்கிறார் மாமி. தேநீர் முடிகிறது. "சோறாக்கிட்டன், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க." வாவி இறால், கூனிச் சம்பல், கடைசியில் எருமைத் தயிரும் வாழைப்பழமும். இதற்குப் பின் உடல் நிமிர மறுப்பது இயற்கை. ஒரு மணி நேரக் கண்ணயர்வு ஆய்வில் கழிக்கப்படும். பிறகு பொதி கட்டும் படலம். தயிர் முட்டி, மரமுந்திரிகைக் கொட்டை, ஊரிலுள்ள அம்மாவுக்கு என்று ஒரு கூனிப் பை. அந்தப் பையின் மணம் பஸ் முழுவதையும் ஆளும். எல்லாம் முடிந்து செருப்பைப் போட்டாயிற்று. முற்றம் தாண்டிப் படலைக்கு வந்தாயிற்று. ஒட்டுதல் இங்கேதான் தொடங்குகிறது.

படலையில் பாய் இல்லை, கதிரை இல்லை, மின்விசிறி இல்லை, நுளம்பு உண்டு. இருந்தும் அன்றைய நீண்ட உரையாடல் அங்கேதான் நடைபெறுகிறது. வீட்டுக்குள் பேசியவை வெயில், மழை, பொருள் விலை, தேங்காய். படலையில் மாமி குரலைத் தாழ்த்தி, "உங்கட அம்மா எப்படி இரிக்காங்க?" என்று தொடங்குகிறார். அம்மாவின் சீனி வருத்தம், தங்கச்சியின் கல்யாணம் குழம்பியது, தம்பி வெளிநாடு போகக் காசு கட்டி ஏமாந்தது, எல்லைக்கல் வழக்கு, அப்பா கடைசியாகச் சொன்ன சொல் என்று எல்லாம் அங்கே வருகின்றன. மாமியும் தன்னுடையதைச் சொல்கிறார். நேருக்கு நேர் கதிரையில் இருந்து முகம் பார்த்துச் சொல்ல முடியாததை, ஆளுக்கொரு பக்கம் நின்று ஒழுங்கையைப் பார்த்தபடி சொல்ல முடிகிறது போலும். போகப்போகிறவரிடம் சொன்னால் சொன்னது அவரோடு போய்விடும் என்ற நம்பிக்கையும் இருக்கலாம். கல்லடிப் படலைகளின் தூண்களை எவரும் போய்ப் பார்க்கலாம். உட்பக்கத்தில் ஒரு கை வைக்கும் உயரமும் வெளிப்பக்கத்தில் ஒரு கை வைக்கும் உயரமும் மழமழவென்று தேய்ந்திருக்கும். ஆகவே வடபகுதிக் கூற்றைத் திருத்தி எழுத வேண்டும்: பாய் குற்றமற்றது, ஒட்டுவது படலை.

மறுப்புரை ஒன்று எழக்கூடும். நேரம் குறித்த பயணச்சீட்டு கையில் இருந்தால் படலை என்ன செய்யும் என்பது அது. இதைச் சோதிக்க, வடக்கிலிருந்து கொழும்பு போகும் வழியில் தலைகாட்ட வந்த நண்பர் ஒருவர் பயன்பட்டார். கல்முனையிலிருந்து கல்லடி வழியாகக் கொழும்பு போகும் இரவுப் பஸ்ஸில் அவருக்கு இடம் பதிவாகியிருந்தது. அவர் படலைக்கு வந்து, தம் தகப்பனார் காணி விற்ற கதையின் நடுவில் இருந்தபோது கண்டக்டரின் அழைப்பு வந்தது. தொலைபேசியை மாமி வாங்கினார். குரலை வைத்து ஆளைப் பிடித்தார். ஆரையம்பதியில் அவருடைய மச்சாளின் மகன். "மனே, ஆள் இஞ்சதான் நிக்கார், ஒழுங்கை முடக்கில கொஞ்சம் நிப்பாட்டு." பஸ் பெருந்தெருவில் நின்றது, ஹோர்ன் அடித்தது, மறுபடி அடித்தது. கடைசியில் கண்டக்டரே இறங்கி ஒழுங்கைக்குள் நடந்து வந்தார்.

"வாங்க மகன், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு..."

"ஐயோ வேணாம் மாமி, பஸ்ஸில ஆக்கள் பேசுறாங்க" என்றார் கண்டக்டர். அதைச் சொல்லும்போதே அவர் வலக்கை படலைத் தூணின் வெளிப்பக்கத் தேய்மானத்தில் சரியாகப் போய் அமர்ந்தது. பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்ற தரவு பதிவாகவில்லை. அவருடைய அக்காவுக்கு ஏறாவூர்ப் பக்கம் பேசிவந்த சம்பந்தம் ஏன் குழம்பியது என்பதை ஆய்வாளர் அப்போது கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.