பழைய வீட்டை வாங்கிட்டேன் அண்ணாச்சி!

ஆத்தூரிலும் அக்கம்பக்கத்திலும் பழைய காரை வீடு வாங்கி, பத்திரம் பதிந்த கையோடு தலையில் கை வைத்தவர்கள் அனுப்பிய கேள்விகள்.

சாவி கைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகுது. எதை முதலில் இடிக்கலாம் அண்ணாச்சி?
– காரை வீட்டுக்காரர், ஆத்தூர்

அவசரத்தை.

ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு தடவை அந்தக் கூரை மேல் பெய்யட்டும். எங்கே ஒழுகுது, முற்றத்துத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எந்த மூலையில் தேங்குது என்று பார்த்து, சாக்பீஸால் சுவரிலேயே குறித்து வையுங்கள். இன்ஜினியர் கொடுக்கிற எஸ்டிமேட்டை விட அந்தக் கோடுகள் உபயோகம். அதுவரை சும்மா இருக்க முடியாதென்றால் பட்டா பெயர் மாற்றத்துக்கும் மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கும் அலையுங்கள். இடிக்கிற கை துறுதுறுப்பு தானாக அடங்கும்.

முன்னறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து விழுகிறது. வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?
– இல்லத்தரசி, ஆறுமுகநேரி

அடிக்கலாம். இடுப்பில் இருப்பது கழுத்துக்கு வரும், பரவாயில்லையா?

பொருக்கைப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாக மாவு பூத்திருக்கும். உப்பளங்களுக்கு நடுவில் குடியிருக்கிறவர்களுக்கு அது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தரைக்கடியில் இருக்கிற ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு செங்கல் வழியே ஏறுகிறது. ஓதம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பக்கத்தில் எங்காவது பழைய பூச்சு தப்பியிருந்தால் ஒரு ரூபாய் நாணயத்தால் கீறுங்கள். பொலபொலவென்று தூள் உதிர்ந்து, நடுவில் வேகாத சிப்பித் துண்டு ஒன்று மினுங்கினால் அது சிப்பிச் சுண்ணாம்பு. அந்தப் பூச்சு, ஏறுகிற ஈரத்தை அன்றாடம் வெளியே விட்டுக்கொண்டே இருந்தது. இடையில் யாரோ புண்ணியவான் அதன்மேல் சிமெண்ட் பூசினார். வழி அடைபட்ட ஈரம் மேலே ஏறியது. இப்போது அதற்கு மேல் ரப்பர் சட்டை போடச் சொல்கிறார் கடைக்காரர்.

ஈரம் தெரிகிற உயரத்துக்கு மேல் இரண்டடி வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி, வெள்ளையடியுங்கள். இந்த உப்புக் காற்று ஊரில் ஓதம் முழுசாகப் போய்விடும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்ப வேண்டாம். அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

“சிமெண்ட் கலக்காம பிடிக்காது சார்” என்று கொத்தனார் சொல்வார். போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான், அதற்கு முன்னால் ஊரில் சுவரே இல்லையா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டு போனால், கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு அரைத்த அனுபவமுள்ள ஆளைத் தேடுங்கள்.

வாஸ்துக்காரர் வாசலை வடக்கே மாற்றச் சொல்கிறார்…
– குழப்பத்தில் ஒருவர், திருச்செந்தூர்

வடக்கே பக்கத்து வீட்டுக்காரர் அடுப்படிதானே இருக்கிறது? அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஓட்டைப் பிரித்துவிட்டு காங்கிரீட் தளம் போட்டால், பின்னால் மாடியும் எழுப்பிக்கொள்ளலாம் அல்லவா?
– துபாயிலிருந்து ஒரு ஆத்தூர்க்காரர்

தம்பி, கூரையைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். சுவரிடம் கேட்டீர்களா?

பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் கிட்டத்தட்ட 3 டன். மங்களூர் ஓடும் மரமும் சேர்ந்து அதில் கால் பங்கு வந்தாலே பெரிது. பழைய வீடுகள் பலவற்றில் வெளியே பூச்சு பளபளக்கும். உள்ளே செங்கலுக்கு நடுவில் இருப்பது மண் சாந்து. அதன் தலையில் 3 டன்னை ஏற்றிவிட்டு, மேலே மாடி என்கிறீர்கள்.

இன்னொன்று தண்ணீர். வீட்டு போரில் வருவது வாயில் வைக்க முடியாத தண்ணீர் என்றால், அதைக் காங்கிரீட்டில் ஊற்றுவது எப்படி? கம்பி போட்ட காங்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு ஆகாது என்கிறது இந்தியத் தர நிர்ணய விதி, ஐ.எஸ். 456. மீறினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் காங்கிரீட்டைப் பிளந்து எடுத்துக்கொள்ளும். ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்த பிறகு பேசலாம்.

இருக்கிற கூரையைப் பாருங்கள் முதலில். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடம்தான் முன்னால் உளுக்கும். ஸ்குரு டிரைவரால் அங்கே குத்துங்கள். இறங்கவில்லையா, ஓட்டை மட்டும் மாற்றுங்கள். வெண்ணெயில் கத்தி போல இறங்கினால், லீவு போட்டுவிட்டு ஊருக்கு வாருங்கள்.

2023 வெள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வரவில்லை என்று விற்றவர் சத்தியம் செய்கிறார். நம்பலாமா?
– சந்தேகப்பிராணி, ஏரல்

அந்த டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது 95 சென்டிமீட்டர். நம் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இருக்காது. தாமிரபரணி கரை தாண்டி ஏரலுக்குள் வந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. உங்கள் வீட்டு வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிப்போட்டு நின்றுவிட்டது போலிருக்கிறது.

புதுப் பெயிண்ட் சுவரில்தான் பொய் சொல்லும். சுவர் அலமாரியின் உள்பலகை, கதவின் பின்பக்கக் கீழ்ச்சட்டம் – அங்கே பாருங்கள். பிளக் பாயிண்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள் (மெயினை அணைத்துவிட்டு!), மூலையில் வண்டல் படிந்திருந்தால் கதை முடிந்தது. தெருவில் வயசான ஆச்சிமார் இருந்தால் இன்னும் நல்லது. 1992 நவம்பர் வெள்ளத்துக்கும் சேர்த்தே கையால் உயரம் காட்டுவார்கள். அந்த உயரத்துக்கு மேலே மீட்டரையும் பிளக்குகளையும் ஏற்றுங்கள். பழைய மரப்பட்டி வயரிங்கைப் பிடுங்கிப் போட்டு, 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வையுங்கள். டைல்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

பின்கட்டுச் சுவரை இடித்தபோது துளைத்துளையாக வெள்ளைக் கல் வந்தது. பவளக்கல் என்கிறார்கள். விலை போகுமா?
– ஆசைக்காரர், தூத்துக்குடி

ஜெயிலுக்குப் போகும் வழியைக் கேட்கிறீர்கள்.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றி ஒரு காலத்தில் வள்ளம் வள்ளமாகப் பவளப்பாறையை வெட்டி வந்தார்கள், கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் வந்தது. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வெட்டின வெட்டில் விலாங்குசல்லித் தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. அந்தக் கல்லைத் திரும்ப அதே சுவரில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குங்கள்.

பொதுச்சுவரில் கை வைக்க விடமாட்டேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– பாதிச் சுவர்க்காரர், ஆத்தூர்

தாய்ப்பத்திரத்தில் “பொதுச்சுவர்” என்று இருந்தால் அவர் சொல்வது நியாயம். அவர் பக்கத்து உத்திரமும் அதில்தானே உட்கார்ந்திருக்கிறது? ஒரு கவுளி வெற்றிலையோடு போய்ப் பேசுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு உங்கள் ஊரில் விளைகிறது, வக்கீல் ஃபீஸைவிட மலிவு.

ஆடி மாதம் வேலை ஆரம்பிக்கலாமா?
– சம்பிரதாயம் பார்ப்பவர், முக்காணி

குடிபோகத்தான் யோசிப்பார்கள். கொத்தி எடுத்த சுவர் காய ஆடிக்காற்றைவிட நல்ல ஆள் சம்பளத்துக்குக் கிடைக்காது. ஓட்டை மட்டும் அந்த மாதம் பிரிக்காதீர்கள், அம்மியே பறக்குமாம்.

“இந்தக் காசுக்குப் புது வீடே கட்டியிருக்கலாம்” என்று மாமியார் தினமும் சொல்கிறார். என்ன பதில் சொல்ல?
– பொறுமைசாலி, காயல்பட்டினம்

அத்தை கணக்கில் தப்பில்லை. ஆனால் அவர் தினமும் உட்கார்ந்து அதைச் சொல்கிற இடம் எது, திண்ணைதானே? புது வீட்டு பிளானில் அதற்கு இடமில்லை, அங்கே கார் நிற்கும் என்று சொல்லிப் பாருங்கள்.