பத்தொன்பது வருஷ லீவு

இந்த அக்காவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலை ஒன்பது மணி வாக்கில் தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்ரயிலில், மகளிர் பெட்டியில், தோளில் புது ஹேண்ட்பேக்கும் கையில் பழைய கட்டைப்பையுமாக நிற்பார். ஹேண்ட்பேக் ஆபீஸுக்கு. கட்டைப்பை, சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் வாங்கப்போகும் கீரைக்கு. வயது நாற்பத்தாறு இருக்கும். இரண்டாவது பிள்ளையைக் காலேஜில் சேர்த்த மறு மாதமே வேலைக்கு மனுப் போட்டவர். மாம்பலத்தில் நாங்கள் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கு 2023-ல் அப்படி ஒருவர் வந்து சேர்ந்தார். அவரைச் சொன்னால் போதும், மற்றவர்களையும் சொன்ன மாதிரிதான்.

இன்டர்வியூவில் ஆடிட்டர் பயோடேட்டாவைப் புரட்டினார். புரட்ட ஒன்றுமில்லை, ஒரே பக்கம். 1998-ல் பி.காம்., 2004 வரை வேலை, அதற்குக் கீழே வெள்ளைக் காகிதம்.

"பத்தொன்பது வருஷம் கேப் இருக்கே, என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"ரெண்டு பசங்கள வளர்த்தேன் சார். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன். வீட்டுக்காரருக்கு மூணு டிரான்ஸ்ஃபர். நாலு சீட்டு எடுத்தேன்."

"அது சரி... வேலை?"

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் பையன் ஆடிட்டரின் வீட்டுச் சாப்பாட்டு கேரியரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். கேரியர் அனுப்பிய அம்மாளும் பி.காம்.தான், அதுவும் தங்க மெடல். ஆடிட்டர் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டு, "ஒண்ணாந்தேதி வந்துடுங்க" என்றார்.

பிள்ளை வளர்ப்பதற்குள் உலகம் மாறிவிடுகிறது என்பார்கள். அக்கா விஷயத்தில் அது மாறி, மறுபடி மாறி, பழைய பெயருக்கே வந்துவிட்டது. அவர் வேலையை விட்டபோது தமிழ்நாட்டில் விற்பனை வரி, 1959-ஆம் வருஷச் சட்டம். 2007 ஜனவரியில் வாட் வந்தது. பத்தரை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் பெரும்பாலான சரக்குகளை விட்டு மூட்டை கட்டியது. வாட்டின் பிறப்பும் தெரியாது, இறப்பும் தெரியாது அக்காவுக்கு. அதனால்தான் முதல் நாள் ஒரு சின்னப் பையன், "ஜி.எஸ்.டி. தெரியுமா மேடம்?" என்று இழுத்தபோது, "ஏன் தெரியாது? டி.என்.ஜி.எஸ்.டி.தானே!" என்றார். பையன் சிரித்தான். அவன் பிறப்பதற்கு முன்பே பழைய சட்டத்துக்கு அதுதான் பெயர் என்பது பாவம், அவனுக்குத் தெரியாது.

அதே பையன் வாயடைத்துப்போனது கம்ப்யூட்டரில் டாலி கணக்கு மென்பொருளைத் திறந்தபோது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையில் மேய்வார்கள். அக்கா மவுஸை ஓரமாகத் தள்ளிவைத்தார், இலையில் வேண்டாத ஊறுகாயை ஒதுக்குகிற மாதிரி. எஃப்5 பட்டுவாடா, எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். எழுபது வவுச்சர் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பையன் பதினைந்தாவதில் இருந்தான். மத்தியானத்துக்குள் 'மேடம்' போய் 'ஆன்ட்டி' ஆகி, சாயங்காலம் 'அக்கா'வில் வந்து நின்றது.

எக்ஸெல் மட்டும் தகராறு செய்தது. வீட்டில் மகனிடம் டியூஷன் வைத்துக்கொண்டார். மூன்றாவது நிமிஷமே அவன், "அம்மா, இதுகூடவா புரியல?" என்றான். 'வாழைப்பழம்' என்று சொல்ல வராமல் இரண்டு வருஷம் 'வாயப்பயம்' என்று திரிந்தவன் அவன். அக்கா ஞாபகப்படுத்தவில்லை. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அக்காவின் பெருமை வெளிப்பட்டது மாதா மாதம் பதினான்காம் தேதிக்குப் பிறகுதான். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது தெரியும். நாம் சரக்கு வாங்கி வரியும் கொடுத்திருப்போம். ஆனால் விற்றவன் அந்த பில்லை ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றியிருந்தால்தான் நமக்குக் கழிவு. இல்லையென்றால் அவனைப் பிடித்து ஆகவேண்டும். பையன்களுக்கு இதைப் புரியவைக்க ஆடிட்டர் பலகையில் அம்புக்குறியெல்லாம் போட்டார். அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மொய் நோட்டு."

"சித்தப்பா ஐந்நூத்தியொண்ணு எழுதினேன்னு சொல்வாரு. நோட்டுல இருக்காது. நோட்டுல இல்லேன்னா வரவு கிடையாது. அவ்வளவுதானே?"

அவ்வளவேதான். பத்தொன்பது வருஷம் மூன்று தலைமுறை மொய்க் கணக்கை வைத்திருந்தவர், போன கல்யாணத்தில் எவ்வளவு வந்தது, இந்தக் கல்யாணத்தில் எவ்வளவு கூட்டி வைக்க வேண்டும் என்று நிலுவை பார்த்தவர். பையன்கள் பில் ஏற்றாதவர்களுக்கு மெயில் அனுப்பினார்கள். அக்கா போன் போட்டார். "அண்ணே, பொண்ணுக்குப் பிரசவம் நல்லபடியா ஆச்சா? ... தண்ணி காய வச்சுக் குடுங்க... அப்புறம் அந்த ரெண்டு பில்லு மட்டும் ஏறலையே அண்ணே." மறுநாள் ஏறியிருக்கும்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் ஒரு இடத்தில் அக்காவால் கணக்கை முடிக்க முடியவில்லை. வீட்டை விட்டு வந்தாரே தவிர, வீடு அவரை விட்டு வரவில்லை. பதினொரு மணிக்கு மகன்: "அம்மா, சட்னி எங்க?" அரை மணி கழித்து மாமியார்: "மோட்டார் போட்டேன், நிறுத்தணுமா?" மூன்று மணிக்கு வீட்டுக்காரர். "நீ கஷ்டப்படணும்னு என்ன தலையெழுத்து" என்று முதலில் சொன்னவர், முதல் சம்பளத்துக்குப் பிறகு அதைச் சொல்வதை நிறுத்தியவர். அவருடைய கேள்வி பெரும்பாலும் டப்பாக்களைப் பற்றியது. அக்கா வவுச்சர் எண்ணை விடாமலே பதில் சொல்வார்: "ரெண்டாவது தட்டு, இடது பக்கம், நெசவாலை பேர் போட்ட டப்பா. அதுல சர்க்கரை. அதுக்குப் பின்னாடி."

போன மாதம் இருபத்தோராம் தேதி அக்கா முதன்முதலாக லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்றிருந்தது. செல்போனும் அணைத்துக் கிடந்தது. மூன்று மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். வீட்டுக்காரர்.

"அவங்க இன்னிக்கு லீவு சார்."

"லீவா? காலையில சாப்பாடு கட்டிக்கிட்டுக் கிளம்பினாளே!"

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சரி... ரசப்பொடி டப்பா எங்கன்னு உங்ககிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?"