ஆச்சி ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கா?

வாலே பேராண்டி, ஒக்காரு. கையில என்ன புது டப்பா? ஆச்சிக்குக் கைக்கடியாரமா? நாடி பாக்கும், நடையை எண்ணும், ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குனாங்கதை ஒன் போனுக்குச் சொல்லிரும்ங்கே. சந்தோசம். தூங்கலைன்னு சொன்னா நீ என்னலே செய்வே? பெங்களூர்ல இருந்து தாலாட்டுப் பாடுவியா?

போன தடவ நடுவீட்டுல கேமராவை மாட்டிட்டுப் போனே. ஆச்சி கட்டில்ல கெடக்கது ஒனக்கு அங்கன தெரியுது. விழுந்தாலும் தெரியும். வெவரமான புள்ளதான். விழுந்த பொறவு பாக்கதுக்கு அம்புட்டு செலவு பண்ணிருக்கே. விழாமப் புடிச்சுக்கிட செவுத்துல ஒரு பைப்பு உண்டுமா?

மொகத்தைத் தூக்காத. நான் ஒங்க வீட்டுக்கு எதுத்த திண்ணையில கெடக்கவன். எனக்குக் கேமரா வேண்டாம், எல்லாம் தெரியும். ஒண்ணு கேக்கேன். ஒங்க ஆச்சி சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணி குடிச்சுப் பாத்திருக்கியா?

பாத்திருக்க மாட்டே. குடிக்க மாட்டா. தாகம் இல்லாமலா? நாக்கு அண்ணத்துல ஒட்டுது. குடிச்சா ராத்திரி எந்திரிக்கணும். கக்கூசு பொறவாசல்ல கெடக்கு, நடுவுல ரெண்டு படி. முட்டு தேஞ்சாச்சு, கண்ணுல பொரை. மருமவளைத்தான் எழுப்பணும். அவ பகலெல்லாம் பீடி சுத்தி, இடுப்பு கழண்டு, அப்பத்தான் கண்ணசந்திருப்பா. 'பாவம், அவளை ஏன் எழுப்ப'ன்னு கெழவி தண்ணியைக் கொறைச்சுட்டா. ஒங்கிட்டச் சொன்னாளா? ஒண்ணுக்குப் போற கதையைப் பேரங்கிட்ட எவ சொல்லுவா? நீயும் போன்ல 'சாப்ட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா'ன்னு ரெண்டே கேள்விதான் கேக்கே. தண்ணி கொறைஞ்சா மலம் எறுகும், நீர்க்கடுப்பு வரும், தலை சுத்தும். தலை சுத்துனா விழுவா. ஒன் கேமராவுல தெளிவாத் தெரியும்.

இன்னொரு கூத்து கேளு. பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் நீர் பிரியதுக்குன்னு ஒரு மாத்திரை குடுப்பாவ. கல்யாணம், கோயில்கொடைன்னு வெளிய கெளம்புத அன்னைக்கு நெறைய கெழடுக அதைத் தொடாது. எந்த மண்டபத்துல கெழவி ஒக்காந்து எந்திரிக்க ஏத்த கக்கூசு இருக்கு? அடுத்த மாசம் டாக்டர் பிரஷரைப் பாத்துட்டு, 'மாத்திரை கேக்கலை போலிருக்கே'ன்னு வீரியத்தைக் கூட்டிருவாரு. மாத்திரை கேக்காம இல்ல ஐயா. நீருதான் கேக்கலை.

சர்க்காரைக் கொறை சொல்லுதேன்னு நெனைக்காத. 2021 ஆகஸ்டுல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருது. முன்ன இதுக்குன்னு பஸ்ஸேறிப் போயி வரிசையில நின்னோம். இப்ப மாத்திரை கொண்டார புள்ள கதவைத் தட்டி, பேரைச் சொல்லிக் கூப்ட்டுக் குடுத்துட்டுப் போவுது. மவராசியா இருக்கட்டும். ஆனா வாசலுக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு தூரம் இருக்குல்லா? அதை யாரு கடத்த? அட்டையைப் பிதுக்க வெரல்ல வலு இல்ல. எல்லாம் வெள்ளை மாத்திரை. சோத்துக்கு முன்ன எது, பின்ன எது? எட்டு மணிக்குக் கெழவி சுகர் மாத்திரையைப் போட்டுட்டு ஒக்காந்திருப்பா, சோறு பதினொண்ணுக்கு வரும். அதுக்குள்ள வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு கொழறும். சுகரு கீழ எறங்கிட்டுன்னு அர்த்தம். முழுங்குத தெம்பு இருக்கையிலயே ஒரு தம்ளர் சக்கரைத்தண்ணி குடுத்தா தெளிஞ்சிரும். வீட்டுல உள்ளதுக 'கெழவிக்குப் புத்தி பெரண்டுட்டு'ன்னு சீரியல்ல ஒக்காந்திருக்கும்.

பாதத்தைச் சொல்ல விட்டுட்டேன். நாப்பட்ட சுகருக்கு உள்ளங்கால் மரத்துப்போவும். முள்ளு ஏறினாலும் தெரியாது. ஆச்சி குனிஞ்சு தன் காலைப் பாக்கணும்னா முட்டும் விடாது, கண்ணும் விடாது. எவனாவது ஒருத்தன் தெனம் அந்தக் காலைத் தூக்கி மடியில வச்சுப் பாக்கணும். ஒன் கடியாரம் அங்கன பாக்குமாலே? படிச்ச பேரன் பேத்தி இத்தன பேரு இருக்கிய. ஆச்சி கால் நகத்தை வெட்டிவிட ஒருத்தன் கெடையாது.

மேலத்தெருவுல ஒருத்தரு பக்கவாதத்துல விழுந்து கெடக்காரு. பாக்க வாரவுகளுக்குக் கொறைச்சல் இல்ல. ஆளாளுக்கு ஆப்பிள். பல்லு இல்லாத மனுசனுக்கு ஆப்பிள்! வந்தவன்லாம் வைத்தியன். ஒருத்தன் காத்து மெத்தை வாங்குங்காம், ஒருத்தன் வாட்டர் பெட்டுங்காம், இன்னொருத்தன் வாட்ஸப்புல வந்த மூலிகை எண்ணெயைக் காட்டுதான். என்ன மெத்தை வாங்கினாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லைன்னா குண்டி எலும்புலயும் குதிங்கால்லயும் புண்ணு வந்துரும். வந்தா லேசுல ஆறாது. திருப்புதது யாரு? எழுபது வயசுப் பொண்டாட்டி, ஒத்தையா. அவளுக்கும் பிரஷரு. சொல்லுறவனுக்கு வாய்ச்சொல்லு, செய்யுறவனுக்குத் தலைச்சுமை. ஆப்பிள் கொண்டாந்தவன்ல ஒருத்தன், 'மதினி, ஒரு மணி நேரம் நான் இருக்கேன், நீங்க போயிக் குளிச்சிட்டு வாங்க'ன்னு சொல்லிருக்கானா? கேட்டுச் சொல்லு.

துட்டுக் கணக்கும் சொல்லுதேன். முதியோர் பென்சன்ல டெல்லி போடுத பங்கு 79 வயசு வரைக்கும் 200 ரூவா, 80 முடிஞ்சா 500. நம்ம மாநிலமும் சேத்துப் போட்டு 1,200 வருது. எல்லாருக்கும் இல்ல, கதியத்தவுகளுக்கு. நாளைக்கு நாப்பது ரூவா. பெரியாளு கட்டுத டயப்பர் ஒண்ணு வாங்கலாம். 2024ல இருந்து 70 ஆனவுகளுக்கு வருசத்துக்கு 5 லட்சம் காப்பீடு. ஆஸ்பத்திரியில போயிப் படுத்தாத்தான். விழுந்து இடுப்பு ஒடிஞ்சா அதுல வழி உண்டு. ஒடியாம இருக்கதுக்கு ஒரு பைப்பு மாட்ட வழி இல்ல. 2007ல சட்டம் வேற போட்டுருக்கு. பெத்தவளைப் பாக்காத மவன் மேல ஆர்டிஓகிட்ட மனு குடுத்தா மாசம் 10,000 வரைக்கும் வாங்கித் தருவாவ. நல்ல சட்டம்தான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கைலாகு குடுக்க ஆர்டிஓ வருவாரா?

போன அக்டோபர் 1ல முதியோர் தினம்னு எங்களை வேன்ல அள்ளிட்டுப் போனாவ. மேடைக்கு நாலு படி, புடிக்கக் கம்பி இல்ல. ரெண்டு பேரு தூக்கி ஏத்தி, சால்வை போத்தி, போட்டோ புடிச்சு, மைக்கைப் புடிச்சாவ பாரு... முதியோர் தேவைகள்னு பேச்சு மூணு மணி நேரம். கக்கூசு எங்கன இருக்குன்னு கேட்டேன். மைக்கைப் புடிச்ச பய நிகழ்ச்சி நிரலைப் பெரட்டுதான்!

பேசாமச் செஞ்சு காட்டுன ஊரும் உண்டு. புளியரையைத் தாண்டினா மலையாளத்து ஊரு. 1993ல கோழிக்கோட்டுல சில டாக்டருமாரு, தீராத நோயில கெடக்கவுகளோட வலியைத் தணிக்க ஒரு சங்கம் தொடங்குனாவ. பொறவு மலப்புரம் பக்கம் அது டாக்டர் கையை விட்டு ஊர்க்காரன் கைக்கு வந்துட்டு. நோவுல கெடக்கவன் வீட்டுக்கு அக்கம்பக்கத்துக்காரனே முறை வச்சுப் போனான். 2008ல அந்த அரசாங்கமே அதைக் கொள்கையாக்கிட்டு. பஞ்சாயத்து நர்சு வீடு தேடி வந்து புண்ணைக் கழுவுது, மூத்திரக் குழாயை மாத்துது. நம்ம மக்களைத் தேடி மருத்துவத்துலயும் நர்சும் பிசியோவும் வாராவ, இல்லைங்கலை. ஆனா அவிய வந்துட்டுப் போயிருவாவ. அடுத்த தடவ வரைக்கும் தெருவுல உள்ளவன் என்ன செய்யான்? சால்வை வாங்கத் துட்டுப் பிரிக்கான்.

சரி, கடியாரத்தைத் திருப்பிக் குடுத்தா பணம் தருவானா? கேட்டுப் பாரு. தந்தா கொத்தனாரைக் கூப்டு. கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவுல செவுரு நெடுக ஒரு பைப்பு, படி மேல ஒரு லைட்டு, குத்தவைக்க முடியாதவளுக்கு நடுவுல ஓட்டை போட்ட ஒரு நாற்காலி. அளவை ஒன் போன்ல பாத்துச் சொல்லாத. ஆச்சியை நடக்கவிட்டு, அவ கை எங்கன போயித் தடவுதோ அங்கன சுண்ணாம்பை வச்சுக் கோடு போடு. கூலி எண்ணூறுன்னு கேப்பான், அடிச்சுப் பேசு. குடுக்கதை ஒன் சம்பளத்துல குடு. கெழவி பென்சனை முந்தியில முடிஞ்சு வச்சிருக்கா, அதுல கையை வைக்காத.