குறை சொல்ல இடமில்லாத கருவி

அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில், தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா பக்கம், கோடை பிறந்ததும் பிரெய்ரி நாய் சுடக் கிளம்புகிறவர்கள் தங்கள் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விரிவாகப் புகழ்ந்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். குறிப்பாக அந்தத் துப்பாக்கியின் நடுப்பகுதியை. குழலை ஒருவரிடம் வாங்கலாம், கட்டையை இன்னொருவரிடம், விசையை மூன்றாமவரிடம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது ஆக்‌ஷன் எனப்படும் எஃகுக் கூடு. அதற்குள் வீட்டுத் தாழ்ப்பாளைப் போல முன்னே ஓடி, திரும்பி, பூட்டிக்கொள்ளும் உருளை போல்ட். தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் எழும் அழுத்தத்தை அந்தத் தாழின் இரண்டு காதுகள்தான் தாங்குகின்றன. கீழே நான் புகழ்ந்து சொல்லும் ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றையும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்தக் கதையில் மூத்தது 1962-ல் வந்த ரெமிங்டன் 700. உருண்டைக் கம்பியைக் கடைந்தே கூட்டைச் செய்துவிடலாம் என்பதால் மலிவு, உறுதியும் உண்டு. அதன் பின்னணியில் இருந்த மைக் வாக்கர் காகித இலக்கில் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் ஊறியவர். 1950-ல் வந்த .222 ரெமிங்டன் தோட்டாவும் அவர் உருவாக்கியதே. ஆனால் ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போது சிறு பிழைகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு காதுகளில் ஒன்று மட்டும் அழுந்தப் பதியும். கூட்டின் முகப்பு குழலின் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக அமையாது. மரை ஒரு மயிரிழை சாயும். உதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் தடுப்பு, குழலுக்கும் கூட்டுக்கும் நடுவே செருகிய தனி வளையமாக இருக்கும். போல்ட்டின் கைப்பிடியும் பற்றவைத்ததுதான். மான் வேட்டைக்கு இவை ஒரு பொருட்டில்லை. மான் பெரியது.

பிரெய்ரி நாய் ஒரு கிலோ எடை. எழுந்து நின்றால் உடம்பின் அகலம் நான்கு விரற்கடை இருக்கும். அதை 300 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்க வேண்டுமென்றால் பழைய கூட்டை லேத்தில் ஏற்றி, முகப்பைச் சீவி, மரையை மறுபடி வெட்டி, காதுகளை அரைத்துப் பொருத்த வேண்டும். அதற்கான கூலியையும் கூட்டின் விலையையும் கூட்டினால் புதிதாக ஒரு கஸ்டம் ஆக்‌ஷனின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே ஒஹாயோவின் கெல்ப்லி, ஐடஹோவின் பேட், மொன்டானாவின் டிஃபயன்ஸ், நெப்ராஸ்காவின் ஸெர்மாட் போன்ற பட்டறைகளில் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். விலை ஆயிரம் டாலரை ஒட்டித் தொடங்கி இரண்டாயிரம் வரை ஏறும். குழல், கட்டை, தொலைநோக்கி எல்லாம் அதற்கு மேல்.

அந்தப் பட்டறை வேலையை எவ்வளவு மெச்சினாலும் தகும். போல்ட் ஓடும் தடத்தை உளியால் இழுத்து வெட்டுவதில்லை. மின்பொறி பாயும் மெல்லிய கம்பியை எஃகுக்குள் செலுத்தி, தொடாமலே துளித்துளியாக அரித்தெடுக்கிறார்கள். கம்பி எஃகைத் தள்ளுவதில்லை, ஆகவே எஃகும் வளைவதில்லை. முடிந்த தடத்தில் விரலை ஓட்டினால் தடுக்காது. போல்ட்டுக்கும் தடத்துக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு. கைப்பிடியைத் தூக்கியதும் சுட்ட தோட்டாவின் குப்பி வெப்பத்தில் ஒட்டியிருந்தாலும் சரிவுப்பல் அதைப் பிசகாமல் நெம்பிக் கொடுக்கும். ஒரே மாதிரிக் கூடுகள் ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாமல் வருவதால் புதுக் குழலைத் தபாலில் வரவழைத்து வீட்டு மேசையிலேயே மாட்டிக்கொள்ளலாம். முன்பு இதற்கு ஒரு கைதேர்ந்த கொல்லர் வேண்டியிருந்தார்.

தேர்வு செய்கிறவரின் நிதானமும் பாராட்டத்தக்கது. முதலில் மேகஸின் வேண்டுமா என்று யோசிக்கிறார். வேண்டாம் என்றால் கூட்டின் அடிப்பக்கம் வெட்டாமல் முழுதாக இருக்கும், அந்த அளவுக்கு விறைப்பு கூடும். அடுத்து, தோட்டா வைக்கும் வாய். வலக்கையால் போல்ட்டை இழுத்து, இடப்பக்க வாய் வழியாக இடக்கையால் தோட்டா வைத்தால், வலக்கை பிடியை விட்டு அதிக தூரம் போகவேண்டியதில்லை. குப்பி அடிவழியாக நேரே கீழே விழும் அமைப்பும் உண்டு. பிறகு போல்ட்டின் முகம். .17 ரெமிங்டன், .204 ரூகர், .223 ஆகிய மூன்று தோட்டாக்களுக்கும் ஒரே முகம் போதும். .22-250-க்கு அகலமான முகம் வேண்டும். எதைச் சுடப்போகிறோம், எத்தனை தூரம், ஒரு நாளில் எத்தனை முறை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்தான் இந்த முடிவை எடுக்க முடியும். கடைசிக் கேள்விக்கு நூற்றுக்கணக்கில் விடை சொல்ல வேண்டியிருக்கும். .22-250 குழலின் தொண்டை இரண்டாயிரம் தோட்டாக்களுக்குள் தேய்ந்துபோகக்கூடும். ஆக்‌ஷன் தேயாது. ஒரு குழல் போனால் அடுத்தது மாட்டலாம், அது போனால் அதற்கடுத்தது. ஒரு மனிதரின் ஆயுளுக்கு அது போதும், அவருக்குப் பின் மகனுக்கும் ஆகும்.

குழலைப் பேணும் அக்கறை தனி. சூடேறினால் ஓரமாகச் சாய்த்துவைத்து இன்னொரு துப்பாக்கியை எடுக்கிறார்கள். மேசையும் மணல்மூட்டைகளும் கொண்டுபோகிறார்கள். மேசை சுழல்வதும் உண்டு. காற்றை அளக்கும் கருவி கையில். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று .223-ன் குண்டை 300 கஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும், அதற்கேற்பக் குறியை நகர்த்துவார்கள். எஃகு களைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் இவ்வளவு பரிவை வேறு வேட்டையில் நான் அறிந்ததில்லை.

இலக்கில் இருப்பதையும் சொல்ல வேண்டும். கருவால் பிரெய்ரி நாய் நாயல்ல, அணில் குடும்பம். ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் 1804 செப்டம்பரில் முதலில் கண்டபோது ஒன்றைப் பிடிப்பதற்காக வளைக்குள் ஐந்து பீப்பாய் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், வளை நிறையவில்லை. பிடித்த ஒன்றை மறு ஆண்டு அதிபர் ஜெஃபர்சனுக்கு உயிரோடு அனுப்பிவைத்தார்கள். சிறு சிறு குடும்பங்களாக ஊர் கட்டி வாழும் பிராணி இது. எதிர்ப்பட்டால் வாயோடு வாய் வைத்துத் தன் வீட்டாள்தானா என்று பார்த்துக்கொள்ளும். வளையின் வாயைச் சுற்றி மண்மேடு அமைத்து, அதன்மேல் பின்னங்கால்களில் எழுந்து நின்று நாலாபக்கமும் பார்க்கும். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் கான் ஸ்லோபோட்சிகாஃப் கன்னிசன் பிரெய்ரி நாய்களின் குரலைப் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பருந்துக்கு ஒரு குரல், கொயோட்டிக்கு ஒரு குரல், மனிதனுக்கு வேறு. வருகிற மனிதன் போட்டிருக்கும் சட்டையின் நிறம் மாறினாலும் குரல் மாறுகிறது என்று அவர் கண்டார்.

அந்த மேட்டின் மேல் எழுந்து நிற்பதால்தான் அது தொலைநோக்கியில் தெளிவாகத் தெரிகிறது. குனிந்து புல் மேய்கிற பிராணியை அடிப்பது கடினம். மற்றவர்களுக்காகக் காவல் நிற்கிற பிராணியை அடிப்பது எளிது. கஸ்டம் ஆக்‌ஷனின் அரை நிமிடக் கோணத் துல்லியம், அதாவது 300 கஜத்தில் நான்கு சென்டிமீட்டர் வட்டம், அந்த நெஞ்சுக்குச் சரியாகப் பொருந்துகிறது. .22-250-ன் குண்டு அத்தூரத்தை 0.3 வினாடியில் கடக்கும். வெடிச்சத்தம் போய்ச்சேர 0.8 வினாடி ஆகும். பருந்தின் நிழலுக்கும் கொயோட்டியின் அசைவுக்கும் தக்கபடி வளர்ந்த அந்தக் குரலுக்கு இடையில் கிடைக்கும் அவகாசம், கழித்துப் பார்த்தால், அரை வினாடி. அதுவும் குண்டு பட்ட பிறகு.

குண்டின் அமைப்பிலும் குறையில்லை. மெல்லிய செம்புத் தோலுக்குள் ஈயம், நுனியில் பாலிமர் மூக்கு. தரையில் பட்டுத் தெறித்து மாட்டையோ மனிதரையோ தாக்காமல் முதல் மோதலிலேயே பொடிப்பொடியாகும்படி செய்திருக்கிறார்கள். மேய்ச்சல்நிலத்தில் சுடுகிறவருக்கு இது பொறுப்பான ஏற்பாடு. அந்தப் பொடி உடம்புக்குள் தங்குகிறது. சுட்டவர்கள் பெரும்பாலும் எடுத்துப்போவதில்லை, தின்பதற்கும் அது யாருக்கும் வேண்டாம். கிடந்த இடத்துக்குப் பொன்கழுகும் வல்லூறும் இறங்கி வருகின்றன. வயோமிங்கில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வொன்று, விரியும் குண்டால் சுடப்பட்ட பிரெய்ரி நாய்களின் உடலில் பறவைகள் விழுங்கக்கூடிய நுண்ணிய ஈயத் துணுக்குகள் மிகுதியாக இருப்பதை எக்ஸ்ரேயில் காட்டியது. சுட்ட ஊர்களில் தப்பியவை மேய்வதைக் குறைத்துக் காவலைக் கூட்டுகின்றன, மறு ஆண்டு குட்டிகள் குறைகின்றன என்பதையும் அதே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சுடும் பருவமான வசந்தமும் கோடையும்தான் குட்டிகள் வளையிலிருந்து முதன்முதலாக மேலே வரும் காலம்.

மாடு வளர்ப்பவரின் வழக்கு வேறு. புல்லுக்கு அவருக்கும் பிரெய்ரி நாய்க்கும் போட்டி இருப்பது மெய். வறட்சி ஆண்டில் ஓர் ஊர் பெருகினால் அவருக்கு இழப்புதான். அவர் தன் நிலத்தைக் காக்க எடுக்கும் துப்பாக்கியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ரெமிங்டன் 700 அவருக்குப் போதும், அதற்கும் கீழே உள்ளதும் போதும். கஸ்டம் ஆக்‌ஷனோடு ஆயிரம் மைல் காரோட்டி வருகிறவருக்கு அந்தப் புல் தேவையில்லை, அந்த மாடும் அவருடையதில்லை. அவர் தேடுவது தன் தேர்வு சரிதான் என்பதற்கான அத்தாட்சி. அது ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது.

பிரெய்ரி நாய் தன் பழைய பரப்பில் மிகப் பெரும் பகுதியை இழந்துவிட்டது. உழவும் விஷமும் முக்கியக் காரணம். 1900 வாக்கில் கப்பலில் வந்த பிளேக் நோய் இன்னொன்று. அதையே தின்று, அதன் வளையிலேயே குடியிருக்கும் கருங்கால் ஃபெரெட் என்னும் பிராணி அழிந்தேவிட்டது என்று எண்ணினார்கள். 1981-ல் வயோமிங்கின் மீட்டீட்ஸியில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தபோதுதான் சில உயிரோடிருப்பது தெரிந்தது. 1987-க்குள் பிடித்துக் காப்பாற்றியவை 18. இன்று உலவுகிறவற்றில் ஏறக்குறைய எல்லாம் அவற்றில் ஏழின் வழித்தோன்றல்கள். 2008-ல் தெற்கு டகோட்டாவின் கொனாடா பேசினில் பிளேக் புகுந்தபோது, நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியைக் கொல்லும் பொடியை ஆட்கள் ஒவ்வொரு வளையின் வாயிலும் கையால் ஊதினார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடந்து, குனிந்து, ஊதி, நிமிர்ந்து மறுபடி நடந்து. தூரத்தை அளந்து, காற்றைப் பார்த்து, ஒவ்வொரு வளையாகத் தேடும் அதே பொறுமை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடமும் இருக்கிறது.

வாங்கப்போகிறவர் என்னிடம் யோசனை கேட்டால் மேகஸின் இல்லாத, அடி வெட்டாத கூட்டைத்தான் சொல்வேன். வாக்கரும் அவர் காலத்துப் பெஞ்ச்ரெஸ்ட்காரர்களும் வளர்த்த வழி அது. அவர்கள் 100 கஜத்தில் காகிதத்தில் ஐந்து குண்டுகளை ஒரே துளைக்குள் வைக்கப் பாடுபட்டார்கள். எஃகின் விறைப்பு, விசையின் வேகம், போல்ட்டின் நேர்மை எல்லாவற்றுக்கும் அங்கே மதிப்பெண் கிடைக்கும், ஐந்து குண்டும் எவ்வளவு நெருங்கின என்பது அளவுகோலில் தெரியும். 300 கஜத்தில் காற்றோடு மல்லுக்கட்ட ஆசைப்பட்டால் நான்கு விரற்கடை அகலத்தில் எஃகுத் தகடு வெட்டித் தொங்கவிடலாம். கஸ்டம் ஆக்‌ஷனுக்குச் சொன்ன புகழ் முழுவதும் அங்கே அப்படியே செல்லும்.