மாப்ள காலேஜுக்குப் போறாரு

வா மாப்ள, இப்படித் திண்ணைமேல உக்காரு. ஜே.ஜே. நகர் முழுக்கச் சேதி பரவிடுச்சு. 44 வயசுல திரும்பப் படிக்கப் போறியாம். கிறிஸ்தவ நிறுவனமாம், மனுஷங்களுக்கு உதவி செய்யறதையே பாடமா வெச்சிப் பட்டம் குடுக்குறாங்களாம், வேலைக்குப் போறவங்களுக்காக சனி ஞாயிறு வகுப்பாம். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டின கை இனிமே நோட்டு எழுதப் போவுது. ஓட்டட்டும், எழுதட்டும், எனக்கு இன்னா.

வயசாயிடுச்சேன்னு மட்டும் கூச்சப்படாத. 1706-ல தரங்கம்பாடியில கப்பல விட்டு இறங்குன சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பசங்களோட தன் வீட்டுக்கே வரவழைச்சாரு. மூக்கு ஒழுவுற பொடிசுங்களோட தரையில உக்காந்து மணல்ல விரலால அ, ஆ எழுதுனாரு. இங்கிலாந்துல செருப்பு தைச்சிக்கினே லத்தீனும் கிரேக்கமும் படிச்சவரு வில்லியம் கேரி. அவரும் மார்ஷ்மேனும் வார்டும் சேர்ந்துதான் 1818-ல செராம்பூர் காலேஜை ஆரம்பிச்சாங்க. 1827-ல டென்மார்க் ராஜா அதுக்குப் பட்டம் குடுக்குற அதிகாரத்தையே எழுதிக் குடுத்தாரு. நீ அவங்க அளவுக்குப் போவ வேணாம். வகுப்புல தூங்காம இருந்தா போதும்.

ஆனா பட்டம்னு சொன்னதும் தலைய ஆட்டிடாதே. செராம்பூர் பட்டம் இறையியலுக்கு. நம்ம போதகர் ஐயா பேருக்குப் பின்னாடி இருக்குற பி.டி. அந்த வழியில வந்ததுதான், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அத்த எடுத்துக்கினு ஆஸ்பத்திரியில சோஷியல் ஒர்க்கர் வேலை கேட்டா, எம்.எஸ்.டபிள்யூ. எங்கேன்னு திருப்பிக் கேப்பான். லயோலா, தாம்பரம் கிறிஸ்தவக் காலேஜ், ஸ்டெல்லா மாரிஸ் மூணுலயும் அந்தப் படிப்பு இருக்குது. மூணாவது பொம்பளைப் பிள்ளைங்க காலேஜு, நீ கேட்டாண்ட கூட நிக்காத. வேலைய விடாம படிக்கணும்னா இக்னோவுல எம்.எஸ்.டபிள்யூ. குடுக்குறாங்க. வேற எவன் வந்து தொலைதூரப் பட்டம்னு நோட்டீஸ் நீட்டினாலும், யு.ஜி.சி. அனுமதி இருக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் பணத்தை எடு. போலிப் பல்கலைக்கழகங்க இன்னது இன்னதுன்னு யு.ஜி.சி.யே பட்டியல் போடுது. ஓட்டல் ஹால்ல சால்வை போத்தி டாக்டர் பட்டம் குடுக்குற கூட்டம் ஒண்ணு திரியுது பாரு, அந்தப் பக்கம் தலைவெச்சிப் படுக்காத. உனக்கு ஏற்கனவே போர்டு வெக்கிற ஆசை ஜாஸ்தி.

சரி, படிப்புக்கு வருவோம். நம்ம நாட்டுல இந்தப் படிப்புக்குன்னு முதப் பள்ளிக்கூடம் வெச்சதே ஒரு மிஷனரிதான். கிளிஃபோர்டு மான்ஷார்ட்னு அமெரிக்காக்காரரு. பம்பாய் நாக்பாடா சேரியில வேலை செஞ்சவரு, டாட்டா டிரஸ்ட் பணத்துல 1936-ல ஆரம்பிச்சாரு. அதுதான் இன்னைக்கு டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்னு நிக்குது. நம்ம ஊர்ல 1952-ல சமூகப்பணிப் பள்ளி வெச்சது மேரி கிளப்வாலா ஜாதவ்னு ஒரு பார்சி அம்மா. அது எழும்பூர்ல இருக்குது. ஆக, உதவி செய்யறதுக்கு எந்தச் சாமி சொல்லணும்னு கணக்கில்ல. ஆனா உதவி செய்யக் கத்துக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணியிருக்குது பாரு, அங்கதான் நீ மாட்டுற.

எதுல மாட்டுறேன்னு கேக்குறியா? பேத்தி உன் பாடத்தைப் போன்ல படிச்சிக் காட்டினா. ஃபீலிக்ஸ் பீஸ்டெக்னு ஒருத்தரு, சிகாகோவுல சேசு சபைக் குருவானவரு. 1957-ல ஒரு புத்தகம் எழுதி ஏழு விதி சொன்னாராம். இன்னைக்கும் இந்தப் படிப்புக்குச் சேர்ற பிள்ளைங்க மொதல்ல அத்தத்தான் மனப்பாடம் பண்ணுதுங்களாம். வந்தவன ஊர்ல பத்துல ஒருத்தனா பார்க்காத, தனி ஆளா பாரு. அவன் மனசுல இருக்கிறத கொட்ட விடு. கூடச் சேர்ந்து நீயும் உருகி வழியாத. இருக்குறபடி அவன ஏத்துக்கோ. தீர்ப்பு சொல்லாத. முடிவ அவனே எடுக்கட்டும். கேட்டத வெளிய சொல்லாத. கேக்கக் கேக்க எனக்கு உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு மாப்ள. ஏழுல ஒண்ணாவது உனக்குப் பொருந்துதான்னு விரல் விட்டுப் பார்த்தேன், விரல்தான் மிச்சம்.

தீர்ப்பையே எடுத்துக்க. பின்னாடித் தெரு ஆளு குடிச்சிட்டு வந்து உன்கிட்ட அழுதான். நீ இன்னா பண்ணே? ரோமர் நிருபத்துல இருந்து நாலு வசனத்த எடுத்துவிட்டே. அவன் அழுகைய நிறுத்திட்டு நேரா டாஸ்மாக்குக்கே போயிட்டான். அவனுக்குச் சம்பளம் வராம ரெண்டு மாசமாச்சுன்னு உனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிக்கணும்னா நடுவுல நீ வாய மூடியிருக்கணும்.

இருக்குறபடி ஏத்துக்கிறதா? 2015 வெள்ளத்துல நொளம்பூர்ல கழுத்தளவு தண்ணி நின்னப்ப நீங்க சர்ச்சு ஆளுங்க போனீங்க, நல்ல காரியம், நானும் பழைய போர்வை குடுத்தேன். ஒரே ஒரு பிரட் பாக்கெட்ட எட்டு பேர் புடிச்சிக்கினு போட்டோவுக்கு நின்னீங்களே, அந்தக் கிழவி பாக்கெட்டப் பார்த்தாளா, கேமராவப் பார்த்தாளா? படத்துல எட்டு பேரும் சிரிக்கிறீங்க. அவ சிரிக்கல.

இதெல்லாம் கூடப் போவட்டும். ரகசியம் இருக்குதே, அதுதான் உனக்கு எமன். உன்கிட்ட ஒருத்தி புருஷன் அடிக்கிறான்னு சொன்னா, புதன்கிழமை கூட்டத்துல அது ஜெபக் குறிப்பு. "ஒரு சகோதரி, பேர் வேணாம், மூணாவது தெரு, பச்சை கேட்டு வீடு, அவங்களுக்காக ஜெபிச்சிக்குங்க." வியாழக்கிழமை காலையில பால் பூத்துல பச்சை கேட்டப் பத்திப் பேசாத ஆளில்ல. ஆண்டவருக்கு வெலாசம் தெரியாதா மாப்ள? யாருக்காகக் கேட்டுக்குத் திருநீறு பூசாத குறையா அடையாளம் சொல்றே?

இதையெல்லாம் ஒழுங்கா செய்யறவங்களப் பார்க்கணும்னா சிகாகோவுக்குப் போவ வேணாம். பேன்யன் நம்ம முகப்பேர்லதான் இருக்குது. மனசு சரியில்லாம தெருவுல கிடந்த ஒரு பொம்பளைய எங்க கூட்டிக்கினு போனாலும் சேர்த்துக்க ஆளில்லன்னு பார்த்துட்டு, வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல ஆரம்பிச்சது. அப்ப ரெண்டுமே சின்னப் பிள்ளைங்க. அங்க வர்ற பொம்பளைங்கள்ல ஒருத்தி இந்தி பேசுவா, ஒருத்தி வங்காளம் பேசுவா, ஒருத்தி வாயே தொறக்க மாட்டா. வைத்தியம் நடக்க நடக்க ஒரு நாள் ஊர்ப் பேர்ல பாதி வரும். இன்னொரு நாள் அண்ணன் பேரு வரும். ஆத்தங்கரை, ரயிலடி, பள்ளிக்கூடத்து அரசமரம்னு துண்டு துண்டா வரும். அத்தக் கோத்து, எந்த மாநிலம், எந்த மாவட்டம்னு தேடி, போன் போட்டு, வீட்டக் கண்டுபுடிச்சிக் கூட்டிக்கினு போவாங்க. வீட்டுல ஏத்துக்காதவங்களுக்கும் வீடே இல்லாதவங்களுக்கும் ஊருக்குள்ள வாடகைக்கு வீடு எடுத்து, நாலஞ்சு பேரா குடித்தனம் வெக்கிற வேலையும் செய்யறாங்க. நீ அங்க களப்பணிக்குப் போனேன்னு வையி, முத நாளே அங்க இருக்குற ஒரு அம்மா தலையில கைவெச்சி சத்தமா ஜெபம் பண்ணுவே. அவ பாதி சொன்ன ஊர்ப் பேரு அதோட போச்சு.

களப்பணின்னதும் ஞாபகம் வருது. அதத் தட்டிக் கழிக்கலாம்னு நெனைக்காத, அது இல்லாம பட்டம் இல்ல. போன எடம், பார்த்த ஆளு, அவன் சொன்னது, நீ சொன்னது, எல்லாத்தையும் எழுதி மேற்பார்வையாளர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அதுல "நீ சொன்னது"ங்கிற பகுதி நீளமாவும் "அவன் சொன்னது" ரெண்டு வரியாவும் இருந்தா, அவங்களுக்கு உன்னப் பத்தி வேற ஒண்ணும் தெரிய வேணாம்.

உனக்கு ஒரு வசதியும் இருக்குது, அத்தயும் சொல்லிடறேன், இல்லன்னா உங்க அத்தை என்ன வைவா. இருபத்தொண்ணு வயசுப் பிள்ளைக்குக் கடன்னா பாடப் புத்தகத்துல ஒரு பக்கம். உனக்கு அது மாசம் பத்தாம் தேதி. லே-ஆஃப் குடுத்த வருஷம் நீ யார் யார் வாசல்ல நின்னே, யாரு உக்காரச் சொன்னாங்க, யாரு நிக்கவெச்சே பேசுனாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்குது. உக்காரச் சொன்னவங்க எத்தினி அறிவுரை சொன்னாங்க? ஒண்ணும் இல்ல. தண்ணி குடுத்தாங்க. அது மட்டும் உனக்கு மறக்காம இருந்தா பாதிப் பாடம் முடிஞ்சிடுச்சு.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை வெக்கிறேன். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போயி, பொண்டாட்டிகிட்ட "நான் படிக்கப் போறதப் பத்தி நீ இன்னா நெனைக்கிறே"ன்னு கேளு. அரை மணி நேரம் அவ பேசட்டும். நடுவுல வசனம் வேணாம், சமாதானம் வேணாம், "அப்படி இல்லடி" வேணாம். சனி ஞாயிறு நீ வகுப்புல உக்காந்தா காய்கறி யாரு, பிள்ளைய டியூஷனுக்கு விடுறது யாருன்னு அவ கணக்கு வெச்சிருப்பா, கேட்டுக்க. அவ சொன்னது அவளோட, அத்த எங்கயும் போயி அவுத்துவிடாதே. ஏழாவது விதி.

நாளைக்குச் சாயங்காலம் மட்டும் இப்படி ஒரு எட்டு வந்துட்டுப் போ. விதியில மாமனப் பத்தி ஒண்ணும் போடல, பேத்திய விட்டு நல்லாத் தேடிப் பார்த்துட்டேன்.