விளக்கிலக்கணம்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்குவது மரபன்று. ஆகையால் முறையே சொல்லுவோம். ஆக்கியோன்: சிங்கப்பூரில் பதினோராம் மாடி வீட்டில் மூன்றடி உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவன். எல்லை: வடக்கே கூடத்து ஜன்னல், தெற்கே அம்மாவின் சாமி அலமாரி. நுதலிய பொருள்: பவளத் தொட்டிக்கு மாற்று விளக்குக் குழல் தெரிந்தெடுத்தல். காலம்: ஆண்டுக்கு ஒருமுறை. களம்: சாப்பாட்டு மேசை. கேட்போர்: அம்மா, வேறு வழியில்லாமல். பயன்: நூலின் இறுதியில் தானே விளங்கும்.

பவளம் என்னும் சொல்லுக்கு முதலில் வரம்பு கட்ட வேண்டும். புலவர்கள் இதழுக்கு உவமை சொன்ன செம்பவளம் வேறு. அது மத்தியதரைக் கடலின் இருண்ட குகைகளில் வளர்வது. யவனர் முசிறியில் கொண்டுவந்து இறக்கிய சரக்குகளில் ஒன்று. அதற்கு வெளிச்சமே வேண்டாம். நாம் எடுத்துக்கொண்டது பாறை கட்டும் பவளம். ஈழத்தார் முருகைக்கல் என்பது இதன் எலும்புக்கூட்டை. இதன் சதைக்குள் ஓரணுப் பாசி குடியிருக்கிறது. பவளத்தின் உணவில் பெரும்பங்கு, அந்தப் பாசி வெளிச்சத்தைக்கொண்டு சமைத்துக் கொடுப்பது. ஆகவே ஈண்டு விளக்கு என்பது அடுப்பு என்க.

மன்னார் வளைகுடா ஓரத்தில் வசிக்கும் என் மாமா இந்நூலைப் படித்துப் பயனில்லை. இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் பவளத்திட்டு உள்ளவர் தொட்டியில் வைக்க முடியாது. லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போகிறவன் வைத்திருக்கிறேன்.

நூற்பா 1: எரியினும் அணைந்ததே ஆண்டு கடந்த குழல்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், எரிகிற விளக்கை மாற்றலாமா என்னும் ஐயம் அறுத்தல் நுதலிற்று. "நல்லாத்தானேடா எரியுது?" என்பது அம்மாவின் மறுப்பு. டி5 என்னும் குழலின் குறுக்களவு 16 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பாகம் ஐந்து சேர்ந்தது என்பதால் 5 என்னும் எண். அதன் உட்புறம் பூசிய பாஸ்பர், பாதரச ஆவியின் கண்காணாக் கதிரை வாங்கிக் காணும் ஒளியாக்கித் தருகிறது. பூச்சு நாளாக நாளாகத் தளரும். வெளிச்சம் குறையும், நிறமும் மெல்லத் திரியும். மெல்லத் திரிவதால் தினமும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்தில் மாற்றிவிடுகிறார்கள். மாட்டிய தேதியைக் குழலின் முனையில் மார்க்கரால் எழுதிவைப்பது அறிவுடைமை. மாற்றுவதற்கு முன், குழல்மேலும் தகட்டின்மேலும் படிந்த உப்பைத் துடைத்துப் பார்ப்பது சிக்கனமுடைமை.

"அப்போ கழட்டினதைச் சமையக்கட்டுல மாட்டு." மாட்டலாகாது. நீலக் குழலின் கீழே தக்காளி கறுக்கும். குழம்பின் நிறம் கண்டு கொதி அறிபவர் வழி தவறுவர்.

நூற்பா 2: எண்ணேறக் குளிரும், எண்ணிறங்கக் காயும்.

குழலின் அட்டைப்பெட்டியில் 6,500, 10,000, 14,000, 20,000 என்று எண்ணும், பக்கத்தில் கெல்வின் என்னும் அலகும் இருக்கும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,800 கெல்வின்தான். கூடத்தில் சூரியனைவிட மூன்று மடங்கு சூடான பொருள் தொங்குகிறது என்று கேள்விப்பட்ட அம்மா, சாமி அலமாரியை நகர்த்தச் சொன்னார். அஞ்ச வேண்டியதில்லை. அது குழலின் சூடு அன்று. ஒரு கரும்பொருளை அவ்வளவு சூடாக்கினால் என்ன நிறத்தில் ஒளிருமோ அந்த நிறத்தின் பெயர்.

எடுத்துக்காட்டு வானத்திலேயே உண்டு. திருவாதிரை மீன் சுமார் 3,500 கெல்வின்; செந்நிறம். சித்திரை மீன் 20,000-ஐத் தாண்டும், நீலவெண்மை. இருந்தும் செந்நிற விளக்கை 'வார்ம்' என்றும் நீல விளக்கை 'கூல்' என்றும் விற்பது கடை வழக்கு. வழக்கே வலிது என்பதால் அதை விட்டுவிடுவோம். அம்மாவின் நட்சத்திரம் திருவாதிரை, என்னுடையது சித்திரை. வீட்டு விளக்குத் தகராறுக்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. ஆழ்நீலக் குழல்களின் ஒளி, கரும்பொருள் ஒளியோடு ஒட்டி வருவதே இல்லை. அதனால் இரு கம்பெனிகளின் 20,000 ஒன்றுபோல் இராது. எண்ணை நம்பி வாங்கியவன் நிறத்தைக் கண்டு திகைப்பான்.

நூற்பா 3: கண்ணளவு பொய்யே, பாசியளவு மெய்யே.

வெளிச்சத்தை லூமெனில் அளப்பது மனிதக் கண்ணின் கணக்கு. நம் கண் 555 நானோமீட்டரில், அதாவது பசுமஞ்சளில், மிகக் கூர்மை. ஆக்டினிக் என்னும் ஆழ்நீலக் குழல் ஒளிர்வதோ 420-இன் அருகில். அங்கே நம் கண்ணின் கூர்மை அந்த உச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. "இது ஃபியூஸ் போன பல்பு" என்று அம்மா தீர்ப்பளித்தது கண்ணளவில் சரி. பாசியளவில் அதுவே விருந்து. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விரும்பி உண்ணும். சிவப்பைக் கடல்நீர் மேலேயே விழுங்கிவிடுவதால், ஆழத்துக் கூட்டாளிக்கு மிஞ்சுவது நீலம்.

ஆகையால் அளக்க வேண்டியது பார் என்னும் அளவு: 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒரு சதுர மீட்டரில் நொடிதோறும் விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை, மைக்ரோமோல் கணக்கில். மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும். அக்ரோபோரா என்னும் கல்பவளத்துக்கு 300 ஆனாலும் தகும். என் தொட்டியின் மேல் 39 வாட் குழல் ஆறு: ப்ளூ பிளஸ் மூன்று, ஆக்டினிக், கோரல் பிளஸ், பர்ப்பிள் பிளஸ் ஒவ்வொன்று. ஒன்பது மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டும் கொஞ்சமும் ஆகும்.

"கண்ணே இல்லாத பிராணிக்குக் கலர் பார்த்து எதுக்குடா லைட்டு?" என்பது அடுத்த வினா. கண்ணில்லை என்பது மெய். ஆயினும் பாசிக்கு நிறம் சோறு என்று விடுக்க. அற்றேல், வெறும் சோற்றுக்கு 10,000 கெல்வினே போதுமே, இவ்வளவு நீலம் எதற்கு என்று யாரும் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால், நீலத்தின் கீழே பவளத்தின் ஒளிர்புரதங்கள் பச்சையும் ஆரஞ்சுமாகச் சுடர்கின்றன, அதைப் பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்கும். 1999இல் ஆய்வாளர்கள் ஒரு சிவப்பு ஒளிர்புரதத்தைப் பிரித்தெடுத்தது, வீட்டுத் தொட்டிகளில் சாதாரணமாக வளரும் டிஸ்கோசோமாவிலிருந்து. இன்று உயிரணுக்களுக்கு அடையாளமிட ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. நான் வேடிக்கை பார்ப்பதும் அறிவியலோடு சேர்ந்ததே என்பது இதனால் பெறப்படும்.

நூற்பா 4: புதுக்குழல் மெல்லப் புகுத்துக, அன்றேல் வெளுக்கும்.

பத்தியத்தில் கிடந்தவனுக்கு முதல் நாளே கல்யாணச் சாப்பாடு போடலாகாது. ஓராண்டு மங்கிய ஒளியில் பழகிய பவளத்தின்மேல் ஆறு புதுக்குழலையும் ஒரே நாளில் ஏற்றினால், பாசி அளவுக்கு மீறிச் சமைக்கும், அடுக்களை நஞ்சாகும், பவளம் தன் சமையற்காரனையே வெளியே தள்ளிவிட்டு வெளுத்து நிற்கும். கடல் சூடேறிய 1998இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் நேர்ந்தது இத்தகைய வெளுப்பே. வாரத்துக்கு இரண்டு குழலாக மாற்றுக. எரியும் நேரத்தைக் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக. சென்ற ஆண்டு ஆக்கியோன் இந்நூற்பாவை மீறினான். தொட்டியின் இடது மூலையில் இப்போது ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. அம்மா அதைக் கோலத்துக்குப் பொடித்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்.

புறனடை

சொல்லாது விட்டவற்றைத் தழுவிக்கொள்ளப் புறனடை வேண்டும். பாதரசம் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டில் பொதுவிளக்குக்கான டி5, டி8 குழல்களை விற்பனைக்குக் கொண்டுவருவதை நிறுத்தியது. சிராங்கூன் நார்த் மீன்கடைகளிலும் தொட்டிக்குத் தொட்டி எல்இடி. கடைக்காரர் என்னையும் மாறச் சொல்கிறார். மின்சாரம் மிச்சம், நிறத்தை ஃபோனிலேயே திருத்தலாம், குழலைப்போல் ஆண்டுதோறும் மாற்ற வேண்டாம்.

இரவெல்லாம் யோசித்தேன். ஆண்டுதோறும் மாற்ற வேண்டாம் என்றால் தெரிந்தெடுக்கவும் வேண்டாம். தெரிந்தெடுக்க வேண்டாம் என்றால் மேற்கண்ட நான்கு நூற்பாக்களும் உரையும் என்னாவது? இலக்கியம் இருக்கும்போது அதற்கு இலக்கணம் சொல்வது முன்னோர் முறை. இங்கே இலக்கணம் எழுதி முடிந்துவிட்டது. இலக்கியம் கையிருப்பில் தீர்ந்துபோகக் கூடாது. ஆகவே மறுநாள் பதினெட்டுக் குழல் வாங்கிவந்து பாம் ஷெல்ட்டரில், அரிசி மூட்டைக்குப் பின்னால், நிறுத்திவைத்தேன்.

"இதெல்லாம் யாருக்குடா?" என்றார் அம்மா.

பாயிரத்தில் சொல்லாமல் விட்ட பயன் அது. மூன்று ஆண்டுக்கு வரும்.